விளையாட்டுப் பீரியட் யாருக்கு?

விளையாட்டு வாத்தியாருக்கு வீட்டில் ஒரு எதிரி, பள்ளியில் ஒரு எதிரி. இரண்டும் ஒரே ஆள்தான். அவர் மனைவி அதே பள்ளியில் கணக்கு டீச்சர். மழை பெய்தால் பிள்ளைகள் நனைவார்கள் என்று விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு வாங்கிக்கொள்வாள். வெயிலடித்தால் கறுத்துப்போவார்கள் என்று வாங்கிக்கொள்வாள். மழையும் வெயிலும் இல்லாத நாளில் பரீட்சை வருகிறது என்பாள். வாத்தியாரும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆசிரியர் அறையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

இந்த லட்சணத்தில் தலைமையாசிரியை ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுப் புது உத்தரவோடு வந்து சேர்ந்தார். இனிமேல் ஒவ்வொரு பள்ளியும் வெளி நிறுவனம் ஒன்றோடு கைகோத்து விளையாட்டை வளர்க்க வேண்டுமாம். பருவ முடிவில் பக்கத்துப் பள்ளியோடு ஒரு போட்டி நடக்கும், கல்வி அதிகாரி வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் சரி. இல்லையென்றால் விளையாட்டுப் பீரியட் நிரந்தரமாகக் கணக்குக்குப் போய்விடும். வாத்தியார் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போடலாம்.

பிள்ளைகளை ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பதைத் தவிர உலகத்தில் வாத்தியாருக்கு ஆசை என்று ஒன்றும் கிடையாது. அதுவும் போய்விட்டால் காலையில் எழுந்து எதற்காக ஷூ மாட்ட வேண்டும்?

அலையாத இடமில்லை. கால்பந்து கிளப்பில் மைதானம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பள்ளியில் இருந்ததோ ஒரு நீளமான முற்றம், அதன் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. நீச்சல் குளத்துக்காரர் அந்தத் தொட்டியிலேயே நீந்தச் சொல்லுங்கள் என்று சிரித்துவிட்டார். உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்த பயில்வான் பிள்ளைகள் என்றாலே தனக்குப் பயம் என்றார்.

கடைசியில் கை கொடுத்தது மனைவியின் தம்பி. வீடு காலி செய்பவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றிப் புது வீட்டில் இறக்கிக் கொடுக்கும் கம்பெனி வைத்திருந்தான்.

"காலையில வண்டியெல்லாம் கெளம்பிடும் மாமா. கொடவுன் சும்மாதான் கெடக்கு. பசங்கள அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்."

விளையாட்டுக்கும் பீரோ தூக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று வாத்தியார் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை.

முதல் நாளே பிள்ளைகளுக்குக் கொடவுன் பிடித்துப்போயிற்று. அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு படியேறினார்கள், மெத்தையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடினார்கள், கயிறு இழுத்தார்கள். வயிற்றுவலிச் சீட்டு கொடுத்தே காலம் தள்ளியவர்கள்கூட முந்திக்கொண்டு வந்தார்கள். மச்சானின் தொழிலில் இரண்டே சட்டம். சாமானைத் தூக்கும்போது வழி சொல்ல ஒரே ஓர் ஆள்தான். அவர் சொன்னால் யாராயிருந்தாலும் கேட்க வேண்டும். ஒன்றைக் கொண்டுபோய் வைத்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. வருகிற வழியில் எது கண்ணில் படுகிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

வாத்தியாரின் மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வாயில்லாப் பூச்சி. வகுப்பில் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவள்தான் சொல்ல வேண்டும். பொதி தூக்க உடம்பில் தெம்பில்லாததால் மாமன் அவளை வழி சொல்ல நிறுத்திவிட்டான். அங்கே அவள் எப்படிச் சொன்னாள் என்பதை அம்மா கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அழுக்கான சீருடையைப் பற்றித்தான்.

போட்டி நாள் வந்தது. அதிகாரியும் வந்தார். முழங்கால் வலி மனிதருக்கு. மாடியில் தலைமையாசிரியை அறையில் டீ வைத்திருக்கிறது என்றதும் படிகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த அறையிலிருந்த சோபாவைப் பிள்ளைகள் காலையிலேயே முற்றத்துக்கு இறக்கிவைத்திருந்ததால் அதில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணும் சொக்கிவிட்டது.

ஓட்டப் போட்டியில் நம் பிள்ளைகள் பறந்தார்கள். வாத்தியார் பூரித்துப்போனார். ஆனால் ஓடி முடித்தவர்கள் திரும்பி வந்த விதத்தைப் பார்த்ததும் அவருக்குப் பகீர் என்றது. ஒருவனும் வெறுங்கையோடு வரவில்லை. எல்லைக்கோட்டுக் கம்பம் ஒருவனிடம், கொடிகள் இன்னொருவனிடம். தடை தாண்டும் ஓட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றபோது தாண்டுவதற்குத் தடை இல்லை. எல்லாம் சுவரோரம் அளவுவாரியாக அடுக்கி, பழைய போர்வை சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. தலைமையாசிரியை மைக்கில் அமைதி காக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போனதால் மீதி அமைதி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது.

வாத்தியார் விசில் ஊதினார். கொடவுனில் விசில் ஊதினால் வேகம் கூட்டு என்று பொருள். பிள்ளைகள் வேகம் கூட்டினார்கள்.

நாற்காலிகள் போயின. பந்தல் துணி போயிற்று. பாக்கி நின்றது சோபா, அதில் அதிகாரி.

"தூக்கலாம். சாய்க்காதீங்க. உள்ள ஆள் இருக்கு," என்றது ஒரு குரல்.

கணக்கு டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அவள் பெற்ற வாயில்லாப் பூச்சிதான் படிக்கட்டின்மேல் நின்று முற்றமே கேட்க உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. எட்டுப் பிள்ளைகள் சொன்னபடி கேட்டார்கள். படியின் திருப்பத்தில் மறித்துக்கொண்டு நின்ற தலைமையாசிரியையும் சொன்னபடி ஒதுங்கினார். இத்தனை வருஷமாக இந்தக் குரல் எங்கே இருந்தது என்று கணக்கு டீச்சருக்குப் புரியவில்லை.

சோபா மாடியில் அதன் பழைய இடத்தில் பதமாக இறங்கியபோதுதான் அதிகாரிக்கு விழிப்பு வந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. இது பள்ளிக்கூடமா, லாரி ஷெட்டா என்று கேட்டார். விளையாட்டு என்ற பேரில் கூத்தடிக்கிறீர்கள் என்றார். பீரியடை இன்றைக்கே, இந்த நிமிஷமே கணக்குக்குக் கொடுத்துவிடும்படி தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டார்.

வாத்தியார் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். அழுதுவிடக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி டீயைக் குடித்தார். பிறகு படிகளை எட்டிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. வந்த மாதிரியே இறக்கிவிட்டால் தேவலை என்றார். மகள் வாயைத் திறப்பதற்குள் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"முடியாது சார். பீரியட எனக்குக் குடுத்துட்டீங்க. இப்ப அந்தப் பீரியட்தான் நடக்குது. என் பீரியட்ல யாரும் எதையும் தூக்க மாட்டாங்க. எல்லாரும் கிளாசுக்குப் போய் நோட்ட எடுங்க."

பிள்ளைகள் கிளம்பினார்கள். அவள் சொல்லைத் தட்டுகிற துணிச்சல் அந்தப் பள்ளியில் யாருக்கு உண்டு? வாத்தியார் ஜன்னலை விட்டுத் திரும்பி மனைவியை வெறித்துப் பார்த்தார். அவள் அவர் பக்கமே திரும்பவில்லை.

அதிகாரி தம் முழங்காலைத் தடவினார். படி இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"அப்ப நான் எப்படிம்மா எறங்கறது?"

"அது எனக்குத் தெரியாது சார். தூக்கறதெல்லாம் விளையாட்டுப் பீரியட்லதான். அதுதான் இல்லேன்னு ஆயிடுச்சே."

கீழே அதிகாரியின் ஜீப் ஹாரன் அடித்தது. அவர் தலைமையாசிரியையைப் பார்த்தார். அந்த அம்மாள் சுவரிலிருந்த நாள்காட்டியை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. பீரியட் அவர்கிட்டயே இருக்கட்டும். முதல்ல என்னக் கீழ எறக்குங்க."

"வாய்ல சொன்னா போதாது சார், டைம்டேபிள்ல எழுதிடுங்க," என்று பேனாவை நீட்டினாள் கணக்கு டீச்சர்.

அவர் எழுதினார். கணக்கு டீச்சர் எழுதியதை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, கிளாசுக்குப் போன பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டாள். அவர்கள் வந்து சோபாவைப் பிடித்ததும் மகள் பக்கம் திரும்பினாள்.

"ம், சொல்லு. சத்தமா சொல்லு. அம்மா கேக்கணும்."