வழியனுப்பக் கூடாது

ஜீப்னி வண்டியில் சவாரி ஏற்றிப் பிழைத்த ருஃபினோவின் சவப்பெட்டி கூடத்துக்கு வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. மனைவி நெனிதாவுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழ நேரம் வேண்டாமா? காபி போட வேண்டும், பிஸ்கட் தட்டை நிரப்ப வேண்டும், ஜோமரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜோமர் ஒரே மகன். இருபத்து நான்கு வயது, ஆட்டிசம். நாலைந்து சொற்களுக்கு மேல் பேச்சில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், கிளம்பும்போது கேட் வரை கூடவே போவான். "பத்திரம்" என்பான். தாழ்ப்பாளைப் போடுவான். இதைக் கற்றுக்கொடுக்க ருஃபினோவுக்கு ஆறு வருஷம் பிடித்தது. இலோஇலோ நகரில் அவர்கள் குடியிருந்த சந்தே அவனை மெச்சியது இந்த ஒன்றுக்காகத்தான்.

இழவு வீட்டில் அதுவே வினையாகப் போயிற்று.

"துக்கத்துக்கு வந்தவங்கள வீட்டாளுங்க வழியனுப்பக் கூடாது. அனுப்பினா சாவு திரும்பி வரும்" என்று நாத்தனார் டெல்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். "இவன உள்ள வச்சுப் பூட்டு."

"பூட்டுனா தாங்க மாட்டான்க்கா."

"வீட்டுக்கு ஆகாதத பண்றானே, அத மட்டும் நாம தாங்கணுமா?"

நெனிதா பூட்டினாள். கூடத்தில் நாற்காலி நகர்ந்தால் போதும், பின்னறைக் கதவில் அவன் தலையை முட்டும் சத்தம் கேட்கும். "பாவம்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் காபியைக் குடித்தார்கள். நெனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம் சொன்னவர்களில் ஒருவர்கூட அவனோடு ஒரு மணி நேரம் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஓடிப்போய்த் திறந்தாள். நெற்றி புடைத்திருக்க, தரையில் உட்கார்ந்து கதவைப் பார்த்து "பத்திரம், பத்திரம்" என்று கம்மிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

சட்டை நுனியைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். டெல்மா மறித்தாள்.

"பைத்தியமா உனக்கு? இன்னொரு சாவு விழும்."

"விழட்டும்க்கா. சாவு முதல்ல இவன கூட்டிட்டுப் போகட்டும், மறுநாளே என்னையும். மாத்தி வந்தா இவன யாரு வச்சுக்குவா? நீங்க வச்சுக்குவீங்களா?"

டெல்மா வழியை விட்டு விலகினாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நெனிதாவுக்கு உறைத்தது. பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் சாகட்டும் என்று கூடம் நிறைய ஆள் கேட்கச் சொல்லிவிட்டாள். அவளும் ருஃபினோவும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல் இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டதும் அதைத்தான். அன்று வந்தவர்கள் எல்லோரையும் ஜோமர் கேட் வரை கொண்டுவிட்டான்.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கினார்கள். அதோடும் கேட் வரை போனான். பெட்டி தெருவில் இறங்கியதும் "பத்திரம்" என்றான். பின்னாலேயே வெளியே வந்த நெனிதா, அவனையும் கூட்டிக்கொள்ளத் திரும்பினாள்.

"பத்திரம்" என்று அவளிடமும் சொல்லி, ஜோமர் தாழ்ப்பாளைப் போட்டான்.

உள்ளே அவன் மட்டும் நின்றான். பின்னால் வீடு காலியாகக் கிடந்தது. நெனிதா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.