மொச்சைக்கு ஒரு ஆள்

போன் அடித்தபோது சசிதரனின் இரண்டு கைகளும் வேலையில் இருந்தன. துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்த முயலின் தலையை இடது கை பிடித்திருந்தது. வலது கையில் ஊசி கழற்றிய சிரிஞ்ச். அதற்குள் புல்லையும் கொத்தமல்லித் தழையையும் சேர்த்து அரைத்து வடிகட்டிய பச்சைச் சாறு. வாய் ஓரத்தில் முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் நுனியை நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று அக்கா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவன் போனை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

முயல் ஒரு வாய் விழுங்கிய பிறகு முழங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாக இருந்த அவன் மனைவி ஸ்வாதி.

"வீட்லதான் இருக்கேன். ஊத்திக்கிட்டிருக்கேன். பாதி எறங்கிருச்சுன்னு அக்காகிட்ட சொல்லு," என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.

அவளுக்குப் பின்னால் ஏதோ தள்ளுவண்டி உருண்டு போகிற சத்தம் கேட்டது.

"நீங்க கெளம்பி வாங்க," என்றாள். "அண்ணி போயிட்டாங்க."

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்திருந்தது. நேற்று கஞ்சி குடித்தாள். காலையில் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். டாக்டர்கள் ஓடி வந்து வெகுநேரம் பார்த்தார்களாம். ஸ்வாதி சொல்லச் சொல்ல அவன் உம் கொட்டினான். பேச்சு முடிந்த பிறகும் போனை அணைக்காமல் இருந்தான். பிறகு சிரிஞ்சில் மீதியிருந்ததைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி முடித்தான்.

அக்கா இந்துமதி அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு. நடுவட்டத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு லவ்டேலுக்கு வந்தவள், ஒரு பள்ளிக்கூட விடுதியின் லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் போர்வையும் சட்டையும் துவைத்து இவனைப் படிக்க வைத்தாள். கொஞ்சத் தெரியாதவள். அவனுக்கு நடுவட்டத்துத் தேயிலை பேக்டரியில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்றுகூட, காலரை ஒழுங்காக மடித்துவிடு என்றுதான் சொன்னாள். அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் இரண்டாம் தடவை எடுத்ததில்லை.

அப்படிப்பட்டவள் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேத்திக்குப் போனாள். அங்கே பிராங்ளின் என்பவர் கறிக்கு முயல் வளர்த்தார். கறி வாங்கப் போனவள் உயிரோடு ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழுப்பு உடம்பில் வெள்ளைக் கீற்று ஓடியதால் மொச்சை என்று பெயர் வைத்தாள். ஏன் வாங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

இதயத்தில் வால்வு கெட்டுப் போய், படி ஏறினால் மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரிக்கிற அளவுக்கு ஆன பிறகுதான் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. அந்தத் தேதிக்கு முந்தின வாரம் மொச்சை தின்பதை நிறுத்தியது. வயிறு கல் மாதிரி ஆனது. ஊட்டியில் மாட்டு டாக்டர், குடல் ஓடவில்லை, விடாமல் ஊட்டிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம் என்றார். இந்துமதி தேதியைத் தள்ளிப் போடப் போவதாகச் சொன்னாள். நடுவட்டத்திலிருந்து ஓடி வந்த சசிதரன் வாசலில் நின்றபடியே கத்தினான். ஒரு முயலுக்காக உயிரை விடப் போறியா என்று கேட்டான். அவள் முயலின் வயிற்றை நீவிக்கொண்டிருந்தாள். கடைசியில், "நீ இங்க இருந்து இதப் பாத்துக்க. அப்பிடின்னா போறேன்," என்றாள். பக்கத்து வீட்டு ஜோவிதா பார்த்துக்கொள்ளட்டும், நான் உன்கூட வருகிறேன் என்று அவன் சொன்னதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஜோவிதா காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள்.

அதனால் அவன் பேக்டரியில் லீவு சொல்லிவிட்டு மேலே இருந்தான். அவள் ஸ்வாதியோடு கீழே கோயமுத்தூருக்குப் போனாள்.

இப்போது அவன் முயலை அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சட்டை மாற்றினான். மாற்றிவிட்டு முயலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊற்றாமல் விட்டால் மறுநாள் தாங்காது. அக்கா செத்துக் கிடக்கிறாள், இது தாங்கினால் என்ன, தாங்காவிட்டால் என்ன. கதவைச் சாத்திக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டான். பிறகு திரும்பி வந்து மாட்டு டாக்டருக்குப் போன் போட்டான். தங்கவைத்துப் பார்க்க இங்கே வசதியில்லை என்றார். கேத்திக்குப் பேசினான். பிராங்ளின் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தின்னாத முயல் தேறாதுங்க. ஒடம்பு வத்தறதுக்குள்ள குடுத்துருங்க, நான் எடுத்துக்கறேன்," என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சசிதரன் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

பக்கத்து வீட்டு ஜோவிதா வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். லாண்டரியில் இந்துமதியோடு பத்து வருஷத்துக்கு மேல் நின்றவள். இருவரும் ஒரே குடைக்குள் மேட்டில் ஏறி வருவதை ஊரே பார்த்திருக்கிறது. அவன் பெட்டியோடு வருவதைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்ன தம்பி, இதையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறியா?"

"நான் கீழ போகணும்க்கா," என்றான். "டாக்டர் கூப்பிட்டிருக்காங்க. இதப் பாத்துக்க ஆள் இல்ல."

அவ்வளவுதான் சொல்லியிருந்தான். அடுத்ததைச் சொல்வதற்கு வாயைத் திறந்தபோது அது வரவில்லை. சொல்லிவிட்டால் இவள் இங்கேயே உட்கார்ந்து அழுவாள், நானும் வருகிறேன் என்பாள், முயலை யாரும் தொடமாட்டார்கள். அப்படித்தான் அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். ஜோவிதா பூட்டைத் திறந்தாள். இன்றைக்கு லீவு போட்டுவிடுகிறேன், அவளுக்காக இதுகூடச் செய்யமாட்டேனா என்றாள். சிரிஞ்சை வாங்கிப் பார்த்தாள். அவன் எப்படிப் பிடிப்பது, எங்கே நுழைப்பது, எவ்வளவு விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். அக்கா அவனுக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னான்.

"இதையே நெனச்சுப் பொலம்பிக்கிட்டு இருக்கப் போறா," என்றாள் ஜோவிதா. "நான் பாத்துக்கறேன்னு சொல்லு அவகிட்ட. வரும்போது எளச்சிருந்துச்சுன்னா என்னைக் கேக்கட்டும்."

"சொல்றேன்க்கா," என்றான் சசிதரன்.

குன்னூர் வழியாக பஸ் இறங்கியது. பர்லியாறு தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரியில் ஸ்வாதி ஒரு நாற்காலியில் அக்காவின் செருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடக்க வேண்டியவை நடந்து முடிய இருட்டிவிட்டது. காலையில்தான் உடலைத் தருவோம் என்றார்கள். இரவு முழுவதும் இருவரும் அந்த நாற்காலிகளிலேயே இருந்தார்கள். ஜோவிதாவிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. அவன் எடுக்கவில்லை.

விடிந்ததும் ஆம்புலன்ஸ் கிளம்பியது. இந்துமதியை வெள்ளைத் துணியால் இறுகச் சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஸ்ட்ரெச்சர் நகராமல் அவன் காலால் அணை கொடுத்தான். கேட்க வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்திருந்ததைக் கல்லாறு தாண்டியபோது கேட்டான்.

"கடைசியா ஏதாச்சும் கேட்டாளா?"

ஸ்வாதி யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று அவள் யோசிப்பதுபோல் இருந்தது அவனுக்கு.

"ஒண்ணும் கேக்கலைங்க. என்ன இப்பிடி வேர்க்குது இந்த ஊர்லன்னாங்க. அவ்வளவுதான்."

அவன் தலையாட்டினான். அக்கா அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஸ்வாதி வெள்ளைத் துணியின் ஓரத்தை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள்.

லவ்டேலில் வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டியிருந்தது. நடுவட்டத்திலிருந்து பரமசிவன் மாமா வந்து ஆகவேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். லாண்டரிப் பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். ஜோவிதா அவர்களோடு நிற்கவில்லை. தன் வீட்டு வாசலில் நின்றாள். நேற்று சாயங்காலம் விடுதியிலிருந்து யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும் வந்து, வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு சசிதரனிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவகிட்ட சொல்லுன்னு சொல்லி அனுப்பிச்சேனே, தம்பி. நீயும் சரின்னியே."

அவன் தரையைப் பார்த்தான். அவள் இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றாள். பிறகு போய்விட்டாள். பெட்டி எங்கே, அது எப்படி இருக்கிறது என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மழை வரும்போல் இருந்ததால் சீக்கிரம் எடுத்தார்கள். சசிதரனுக்கு மொட்டை அடித்தார்கள். இடுகாட்டு மேட்டில் மஞ்சு இறங்கியிருந்தது. முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரிந்தது. மண் ஈரமாக, கட்டி கட்டியாக விழுந்தது. அவன் மூன்று பிடி அள்ளிப் போட்டான். திரும்பிப் பார்க்காமல் நட என்று மாமா சொன்னார். நடந்தான்.

குளித்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தபோது நாலைந்து உறவுக்காரர்கள் பாயில் இருந்தார்கள். விடுதி வேலையில் அக்காவுக்கு வரவேண்டிய பணத்தைப் பற்றி யாரோ பேசத் தொடங்கினார்கள். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். அப்போது ஜோவிதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. ராத்திரி தூங்கியவள் மாதிரி இல்லை. சேலையில் அங்கங்கே பச்சைக் கறை.

"விடிகாலை வரைக்கும் குடிச்சுச்சு," என்றாள் அவனைப் பார்க்காமல். "அதுக்கப்பறம் எதுவும் எறங்கல. நீ ஊத்திப் பாரு. உன் கை பழகுன கை."

இந்த நேரத்தில் முயலா என்று பாயில் இருந்த ஒருவர் முணுமுணுத்தார். சசிதரன் காலை மடக்கி உட்கார்ந்து துண்டை விரித்தான். முயல் கனமே இல்லாமல் இருந்தது. தலையைப் பிடித்து, வாயோரத்தில் நுனியை நுழைத்து ஒரு சொட்டு விட்டான். காத்திருந்தான். இன்னொரு சொட்டு. அது தாடை வழியாக வெளியே வந்து கழுத்து ரோமத்தில் இறங்கியது. ஜோவிதா பக்கத்தில் உட்கார்ந்து அதன் வயிற்றை நீவினாள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது.

அவன் விட்டுக்கொண்டே இருந்தான். எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும் அதன் மூக்கு அசையாமல் நின்றது. முதலில் ஜோவிதாதான் கையை எடுத்தாள். மாமா பாயிலிருந்து நகர்ந்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

"விட்ரு தம்பி. இனி ஏலாது."

சசிதரன் சிரிஞ்சைக் கீழே வைத்தான். முயலின் வாயும் கழுத்தும் முன்னங்கால்களும் பச்சையாக இருந்தன. ராத்திரி வழிந்தது காய்ந்து ரோமம் திரித்திரியாக ஒட்டிப் போயிருந்தது. விரலால் ஒரு திரியைப் பிரித்துப் பார்த்தான். வரவில்லை.

"ஸ்வாதி, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா."

"டீக்குங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"இல்ல. வெதுவெதுன்னு இருந்தாப் போதும்," என்றான். துண்டில் கறை படாத ஒரு முனையைத் தேடி எடுத்து, விரலில் சுற்றி வைத்துக்கொண்டான்.