மேடையில் படாத கை

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் எடைக்கு மேல்வரம்பே கிடையாது. எத்தனை கிலோ இருந்தாலும் ஏறி அடிக்கலாம். அப்புறம் எதற்கு முதல் நாள் மேடை போட்டு எடை பார்க்கிறார்கள்? டிக்கெட் விற்கத்தான், வேறு ஒரு மண்ணும் இல்லை. எடை பார்த்ததும் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு வைத்து முறைப்பார்கள், ஒருவன் மற்றவனைத் தள்ளுவான், ரகளையாகும், மறுநாள் அரங்கம் நிரம்பும்.

அந்த ரகளைக்கும் ஒத்திகை உண்டு. அதை நடத்துவதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. குத்துச்சண்டைகளை ஏற்பாடு செய்து விற்பதுதான் அவள் தொழில். கூடப் பிறந்த தம்பிதான் அவளுடைய பெரிய சரக்கு. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, 'மலை' என்று பட்டப்பெயர். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கும் அவள் அக்காவாகிவிட்டாள்.

இந்த முறை சரக்கு நகரவில்லை. எதிராளி 'சுத்தியல்' நல்ல அடிகாரன்தான், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். வாயில்லாத ஆளை வைத்துக்கொண்டு என்னத்தை விற்பது? அக்கா மூன்று மாதமாகத் தலைகீழாக நின்று பார்த்தாள். போன மாதம் "சண்டை ரத்து" என்று அறிவித்து, இரண்டு நாள் எல்லோரையும் புலம்பவிட்டு, "இல்லை, நடக்கிறது" என்றாள். அதில் கொஞ்சம் விற்றது. நேற்றுவரை பாதி நாற்காலி காலி. டிக்கெட் ஜன்னல்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, இன்றைய தள்ளுதான் கடைசி நம்பிக்கை. பயிற்சிக்கூடத்தில் மூன்று முறை ஒத்திகை பார்த்தாயிற்று. மலை வலது உள்ளங்கையைச் சுத்தியலின் நெஞ்சில் வைத்துத் தள்ளுவான். சுத்தியல் இரண்டு அடி பின்னால் போவான். காவலாளிகள் பாய்ந்து பிடிப்பார்கள்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு, கேமராக்கள் பளிச்சிட, மலை கையை ஓங்கித் தள்ளினான். கை சுத்தியலின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, வெறுங்காற்றில் போயிற்று. மலை தடுமாறி நின்றான். சுத்தியல் அசையவில்லை.

கூட்டம் விசிலடித்தது.

"என்ன அக்கா இது, தொடவே இல்ல?" என்றார் ஒரு பத்திரிகைக்காரர்.

"தொடுறதுக்குக்கூட லாயக்கில்லாத ஆளுன்னு காத்துல கைய வீசிட்டு வந்தான்!" என்றாள் அக்கா. பழகின வாய், யோசிக்காமல் விற்றுவிட்டது. ஆனால் தம்பி எதையும் தவறவிடுகிற ஆளே இல்லை. காலையில் சுவரொட்டிகளில் கையெழுத்துப் போட்டபோது, அவனுக்கென்று விட்ட வெள்ளை இடத்தை விட்டுச் சுத்தியலின் மூஞ்சி மேலேயே கிறுக்கி வைத்திருந்தான். குறும்பு என்று நினைத்துத் திட்டினாளே, சண்டாளி!

அரை மணி நேரத்தில் டிக்கெட் ஜன்னல்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அக்கா, எல்லாம் போயிருச்சு! ஒரு சீட்டு பாக்கியில்ல!" மூன்று மாதமாகக் காத்திருந்த வார்த்தை. அவள் அதைக் காதில் வாங்காமல் தம்பியைத் தேடி நடந்தாள்.

உடை மாற்றும் அறையில் தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

"சூப்பரா போச்சில்லக்கா?"

"எழுந்திரு. என்னத் தள்ளு."

"என்னது?"

"ஒத்திகைல தள்ளுன மாதிரி என்னத் தள்ளுடா."

எழுந்தான். கையைத் தூக்கினான். கை பாதியிலேயே நின்றது. அவளுக்கு இடப்பக்கம் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான், உதடு கோணிக்கொண்டது.

"எந்த அக்காவ?" என்றான்.

அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எத்தன நாளாடா?"

"மூணு வாரம். பயிற்சில ஒரு குத்து விழுந்துச்சு. முதல்ல வந்து வந்து போச்சு. இப்ப போகவே மாட்டேங்குது."

"டாக்டர் பாத்தாரே! என்னத்தப் பாத்தாரு?"

"விரலக் காட்டி எத்தனன்னாரு. தெரிஞ்சதுல பாதியச் சொன்னேன்." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது அவனுக்கு. "நீ நாயா அலையற. எப்படிக்கா சொல்லச் சொல்ற? ரெண்டு பேரு தெரிஞ்சா என்ன, ரெண்டு பேரையும் அடிச்சுட்டாப் போச்சு."

இந்த வேடிக்கையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன் அவள் ஏற்பாட்டில் சண்டை போட்ட இன்னொருவன் இதையே சொன்னான். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். போதாதென்று சுவரொட்டியிலும் போட்டாள். மூன்றாவது ரவுண்டில் விழுந்தவனுக்கு இன்றுவரை மனைவிதான் கரண்டியால் ஊட்டிவிடுகிறாள். அக்கா பார்க்கப் போகும்போதெல்லாம், "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்பான்.

"சண்ட கிடையாது" என்று கதவைத் திறந்தாள்.

"பைத்தியமாக்கா உனக்கு? நிரம்பிருச்சு!" என்று பின்னாலேயே வந்தான் தம்பி.

மேடையில் சுத்தியல் பேட்டிக்காக நின்றுகொண்டிருந்தான், வழக்கம்போல் பேசவில்லை. அக்கா மைக்கைப் பிடுங்கினாள்.

"நாளைக்குச் சண்ட இல்ல. என் தம்பிக்குக் கண்ணு சரியில்ல. எல்லாருக்கும் காசு திரும்பி வரும்."

கூடம் வாய் பிளந்தது. பிறகு பார்க்க வேண்டுமே! ஒரே சிரிப்பு, கைதட்டல்.

"அக்கா மறுபடி ரீல் சுத்துது!"

"எப்ப அக்கா 'நடக்குது'ன்னு சொல்லுவீங்க? சாயங்காலமா?"

"என் தம்பி மேல சத்தியம்!" என்று கத்தினாள். போன மாதமும் இதே சத்தியத்தைத்தான் செய்திருந்தாள். கைதட்டல் இன்னும் கூடியது. வாசலில் டிக்கெட் ஜன்னல்காரர், நின்று பார்க்கவாவது சீட்டு கேட்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சைகை காட்டினார். சண்டையை நிறுத்த அதிகாரம் உள்ள குத்துச்சண்டைச் சங்கத்து அதிகாரி முன்வரிசையில் இருந்தார், அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினார்.

தம்பி மைக்கை வாங்கிக்கொண்டான். "அக்கா சும்மா சொல்லுது! நாளைக்கு இவன நான் தூக்கப் போறேன்!"

அரங்கம் அதிர்ந்தது. அக்கா வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மை சொல்கிறாள், அதுவும் விற்கிறதே! நாளை இவன் அந்தக் கயிற்றுக்குள் ஏறுவான். இவனுக்கும் யார் ஊட்டுவது?

அப்போதுதான் சுத்தியல் முன்னால் வந்து, தம்பிக்கு நேராகக் கையை நீட்டினான். "கை குடுங்க" என்றான்.

தம்பி மிடுக்காகக் கையை நீட்டினான். கை பக்கத்தில் காற்றைப் பிடித்தது. சிரிப்பு எழுந்தது. மறுபடி நீட்டினான். இந்தத் தடவை இன்னும் தள்ளிப் போயிற்று. சிரிப்பு குறைந்தது. மூன்றாவது தடவை மெதுவாக, இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவனைப் போல விரல்களை விரித்து நீட்டினான். சுத்தியல் தன் கையை நகர்த்தி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"தள்ளினப்பவே தெரிஞ்சுது" என்றான் சுத்தியல். "என்னப் பாக்கல இவரு. எனக்குப் பக்கத்துல யாரையோ பாத்தாரு. நான் இவரோட ஆட மாட்டேன்."

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். கூடத்தில் யாரும் விசிலடிக்கவில்லை.

"அக்கா..." என்றார் அந்தப் பத்திரிகைக்காரர். "நிஜமாவா?"

"நிஜம்" என்றாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு, அவள் தோளைத் தேடி இடது கையை நீட்டினான். கை தப்பான பக்கம் போயிற்று. அவள் ஒரு அடி நகர்ந்து, அந்தக் கை இருந்த இடத்தில் போய் நின்றாள்.