ஆயிலில் கிடந்த முருங்கை இலை

எண்ணெய் வியாபாரம் தொடங்கிய ஏழு மாதத்தில் வயிரவன் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம். விசிட்டிங் கார்டில் மேனேஜிங் டைரக்டர் என்று போட்டுக்கொள்வது ஒன்று. கட்டிக்கொள்ளப்போகிற பெண் வேலை பார்க்கும் இடத்தில் கால்மேல் கால் போட்டு உட்காருவது மற்றொன்று.

அமராவதிபுதூர்ச் சாலையில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் என்ஜின் ஆயில்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நீலாயதாட்சி. ஆயிலைக் கிண்ணத்தில் ஊற்றி மூடி, இருநூற்றைம்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எழும் ஆவியை உறிஞ்சி எடுத்தபின் மிச்சத்தை நிறுப்பாள். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் குறைந்தால் அந்த ஆயில் வண்டியில் நிற்காது, புகையாகவே போய்விடும். வயிரவனின் ஆயில் போன வாரம் இருபத்திரண்டு குறைந்திருந்தது. நல்ல ரிப்போர்ட் இல்லாமல் வாங்கமாட்டேன் என்று மதுரை பஸ் முதலாளி சொல்லிவிட்டார்.

அதனால்தான் இன்று இரண்டாவது பாட்டில். புதிதாகக் கலந்தது என்றான். ஒரு மணி நேரம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது ஐந்துதான் குறைந்திருந்தது. வெளிநாட்டு உயர்ந்த ரகங்களே அந்த எண்ணைத் தொடத் திணறும். வயிரவன் மீசையைத் தடவிக்கொண்டு, அடுத்த மாதக் கல்யாணத்துக்கு இதுதான் நல்ல சகுனம் என்றான்.

நீலா பாட்டிலை எடுத்தாள். மீதி ஆயிலைக் கண்ணாடிக் குவளையில் சாய்த்தாள். லேபிளில் போட்டிருந்ததைவிடக் கெட்டியாக, பாகு போல இறங்கியது. கடைசிச் சொட்டோடு கறுத்துச் சுருண்ட ஏதோ ஒன்றும் வந்து விழுந்தது. இடுக்கியால் எடுத்து விரித்தாள். முருங்கை இலை.

அவள் வீட்டில் நெய் காய்ச்சும்போது பக்குவத்துக்குப் போடுகிற அதே இலை.

வெளியே வந்து அவன் அம்மாவுக்குப் போன் போட்டாள். வள்ளியம்மை ஆச்சி பேசுவதற்கு முன்னால் இருமல் பேசியது.

"வயிரவன்கிட்ட நீ சொல்லிவிட்டபடியே அந்த ஆயில அடுப்புல வச்சு ரெண்டு மணி நேரம் கரண்டிய விடாமக் கிண்டுனேன் ஆத்தா. கல்யாணத்துக்கு முன்னாடி மருமக கேட்ட மொத வேலை, மாட்டேன்னு சொல்ல முடியுமா? பழக்கத்துல கை தானா முருங்கை இலையப் போட்டுருச்சு. வடிகட்டித்தான் ஊத்துனேன். தப்பா எடுத்துக்கிறாதே."

தான் அப்படி எதையும் கேட்டதில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த இருமலுக்கு முன்னால் அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

வயிரவன் ஒளிக்கவும் இல்லை. ஆவியாகப் போகிறது சோதனைக்கு முன்னாலேயே போகட்டும் என்று அடுப்பிலேயே போகவிட்டேன், இதற்கும் மூளை வேண்டும் என்றான். புகை கண்ணைக் கரித்ததாம், அதனால் இவன் மாடியில் இருந்தானாம்.

பொய்க்காக அவனை வெறுத்திருக்கலாம். அதற்குக்கூட இவனுக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. பெற்றவளை அடுப்புப் புகையில் நிறுத்தி, அந்தப் பழியையும் வரப்போகிறவள் தலையில் வைத்துவிட்டு, மாடியில் காற்று வாங்கியவன்.

மாதிரி சோதனைக்கு முன்பே காய்ச்சப்பட்டது, முடிவு செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் நகர்த்தினாள். வயிரவனின் சிரிப்பு அப்போதுதான் போனது.

"பத்திரிகை அடிச்சாச்சு நீலா. நகரத்தார் மத்தியில ரெண்டு வீட்டு மானமும் போயிரும்."

"சூட்டுல நின்னது உங்க ஆத்தா. உங்கள நிறுத்தியிருந்தா நிறுக்கிறதுக்கு மிச்சமே இருந்திருக்காது. எந்திரிச்சுப் போங்க. பத்திரிகைய என்ன செய்யணும்னு என்னப் பெத்த அப்பச்சி வந்து சொல்வாக."

அவன் ரிப்போர்ட்டை எடுக்காமலே போனான்.

நீலா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஆச்சிக்கு மறுபடி போன் போட்டாள். டாக்டரிடம் போகலாம், சேலை மாற்றிக்கொண்டு தயாராக இருங்கள் என்றாள். ஆயில் நன்றாக வந்ததா என்று ஆச்சி கேட்டார்.

"உங்க பக்குவத்துல ஒரு குறையும் இல்ல ஆச்சி."