மூணு சீட்டுக்காரரின் அக்கா

கூட்டணி அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் அக்கா. வயதில் மூத்த தலைவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஓர் அச்சகத்து மாடியில் ஐந்து கட்சிகள் கூடிக் கைகோத்தபோது, அந்த முதல் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவள் அவள். ஒருவரை ஒருவர் மேடையில் கிழிகிழியென்று கிழித்த ஐந்து பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவன் அவளுடைய தம்பி. ஐந்தில் ஆகச் சிறிய கட்சி அவனுடையது. எப்போது தேர்தல் வந்தாலும் சரியாக மூன்று இடம் ஜெயிப்பான். அதனால் அவனுக்கு 'மூணு சீட்டு' என்று பட்டப்பெயர். சூதாட்டத்தையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் அவன் சிரித்துக்கொள்வான்.

முதல் தேர்தலில் கூட்டணிக்குக் கிடைத்தது அறுபத்தொன்று. அடுத்ததில் நூற்றுப் பதினெட்டு. மூன்றாவதில் ஆட்சியே வந்தது. ஆனால் ஒரு கட்சி கேட்ட இலாகா கிடைக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு போக, பதினாலே மாதத்தில் கவிழ்ந்தது. நான்காவதில் தொண்ணூற்றேழு. அலுவலகத்துக்கு ஈ காக்கைகூட வரவில்லை. அப்போதும் அக்கா தினமும் ஒன்பதரைக்கு வந்து கதவைத் திறந்தாள்.

ஐந்தாவது தேர்தலில் முந்நூறுக்கு நூற்று ஐம்பத்திரண்டு வந்தது. ஆட்சி அமைக்க நூற்று ஐம்பத்தொன்று போதும். மறுநாள் காலை ஆதரவுக் கடிதங்களை ஜனாதிபதியிடம் கொடுக்க வேண்டும். நான்கு கடிதங்கள் வந்துவிட்டன. தம்பியுடையது மட்டும் வரவில்லை. வழக்கம்போலத் தூங்கியிருப்பான் என்று அக்கா நினைத்தாள்.

அப்போது அறையிலிருந்த எல்லோரும் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார்கள். எதிரணித் தலைவரின் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். அக்கா போன வாரம் வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான். அந்தக் காட்சி முடிந்ததும் அவனுக்குப் போன் செய்தாள்.

"டேய், அங்க என்னடா பண்றே?"

"அக்கா, கோவிச்சுக்காதே. துறைமுக இலாகா தர்றாங்க. நம்ம ஆளுங்க இருபது வருஷமா என்னத்தைக் கண்டாங்க, சொல்லு."

"நேத்து ராத்திரி என் வீட்டுல சாப்பிட்டியே. ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

அவன் போனை வைத்துவிட்டான். கூட்டணியின் ஒருங்கிணைப்பாளரான வக்கீல் ஐயா அவளைத் தனியே உள்ளறைக்கு அழைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"அக்கா, பிரசாரத்துக்குப் போறப்போ தம்பி வெத்து லெட்டர்பேடுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போவாரே. மிச்சம் இருக்கா?"

"நாலு தாள் இருக்குங்க."

"ஒண்ணுல ஆதரவுக் கடிதம் அடிங்க. நேத்துத் தேதி போடுங்க. அவர் இல்லைன்னு சொல்லி வழக்குப் போட்டு, அது முடியறதுக்குள்ள நாம பதவி ஏத்துக்கலாம்."

முதலில் தான் காதில் வாங்கியது தப்போ என்று நினைத்தாள். தம்பி போனதைவிட இது அவளை உலுக்கியது. அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இவரை அவள் அப்படி நினைத்ததே இல்லை.

"அது பொய்க் கடிதம்ங்க."

"கையெழுத்து நிஜம்தானே?"

அக்கா வெளியே வந்து இழுப்பறையைத் திறந்தாள். அவரும் பின்னாலேயே வந்தார். நான்கு தாள்களையும் அவர் கண்ணெதிரே சுக்குநூறாகக் கிழித்தாள். பிறகு உட்கார்ந்து, மிச்சமிருந்த நூற்று நாற்பத்தொன்பது பேர் பட்டியலைப் பிழையில்லாமல் அடித்து வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

எதிரணி ஆட்சி அமைத்தது. தம்பி மந்திரியானான். இரண்டரை வருடம் கழித்து, சபை பாதியிலேயே கலைந்து அடுத்த தேர்தல் நெருங்கியதும் பழைய கூட்டணிக்கே திரும்பினான். வக்கீல் ஐயா அவனைக் கட்டித் தழுவும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அன்று மத்தியானம் ஒன்றுமே நடக்காதவன் போல வீட்டுக்கு வந்தான். அக்கா சோறு போட்டாள்.

"நீயும் வந்துடுக்கா. ஒப்பந்தம் அடிக்க உருப்படியா ஒரு ஆள் இல்ல."

இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததை அவள் சொல்லிவிட்டாள். "உன் பேர்ல பொய்க் கடிதம் அடிக்கச் சொன்னவருடா உங்க வக்கீல் ஐயா."

தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும். அவரே சொன்னாரு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். அவர் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். நீ கிழிச்சதுதான் எங்க ரெண்டு பேருக்கும் ஆச்சரியம்."

கரண்டி பாதியில் நின்றது. தனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை, யாரோ வழி தவறி வீட்டுக்குள் வந்துவிட்டவனைப் பார்ப்பதுபோல அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். ஊற்றினாள்.