தலைச்சன் பிள்ளைக்கு முதுகில் ஊசி

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். அன்று அந்தக் கையால்தான் ஒரு பிள்ளையின் முதுகில் ஊசி இறக்க வேண்டியிருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

புழுதிக்காற்று அடிக்கிற மாதம். மூளைக்காய்ச்சல் வருவதும் அந்த மாதத்தில்தான். ஐந்து வயது தசல்லாவை அவள் அத்தை பல்கி இரண்டு நாளுக்கு முன்பே எங்கள் சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்திருந்தாள். விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மலேரியா என்று வந்தது. இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வரும். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரோ இல்லை, நர்ஸாக இருக்கும் நான்தான் அனுப்பினேன்.

பெற்றவள் டேலுவும் அன்று வந்திருந்தாள். வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலைச்சன் பிள்ளையாயிற்றே! தலைச்சனைப் பெற்றவள் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கொஞ்சக் கூடாது, அது நோயில் கிடந்தாலும் நாலு பேர் முன்னால் பதறக் கூடாது. மானம் போய்விடுமாம். இந்த ஊர் ஹௌஸாக்காரர்களுக்கு மட்டுமில்லை, மாடு மேய்க்கும் ஃபுலானிகளான எங்களுக்கும் இதே இழவுதான். அதனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கும் தோன்றவில்லை. காய்ச்சல், வாந்தி என்று பல்கி சொன்னதை எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பிள்ளையை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகு நீர் எடுக்க வேண்டும், முதுகில் ஊசி என்றதும் பல்கி குறுக்கே விழுந்தாள். குத்தினால் பிள்ளை பிழைக்காது, மலேரியாவுக்கு முதுகில் என்ன வேலை என்று சண்டை பிடித்தாள். அப்போதுதான் டேலு எழுந்து வந்தாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டே பேசினாள்.

"முந்தாநாளே கழுத்தத் தொட விடல, நர்ஸம்மா. தலையத் தூக்குனா அலறுனா. வெளிச்சம் பட்டா கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. நீங்க குத்துங்க."

"வெக்கங்கெட்டவளே, தலைச்சனப் பத்தி நீ வாயத் தொறக்குறியா?" என்றாள் பல்கி.

"தொறக்குறேன் அண்ணி. மூடிக்கிட்டு இருந்தது போதும்."

முந்தாநாளே! எல்லாம் மூளைக்காய்ச்சலின் அடையாளம். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? அவளைத் திட்ட வாய் வரை வந்துவிட்டது. கேட்காத நான் யாரைத் திட்டுவது? என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊசி இறக்கினேன். முதுகு நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விழுந்தது. பொறுப்பு நர்ஸ் சலீசு அதை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

"தெளிவாத்தான இருக்கு? மூளைக்காய்ச்சல்னா கலங்கியிருக்குமே. நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பு. எட்டு நாள்ல பதில் வரும். அதுவரைக்கும் மூளைக்காய்ச்சல் மருந்துப் பெட்டியத் தொறக்கக் கூடாது. மேலிடத்து உத்தரவு."

எட்டு நாளாம். எட்டாம் நாள் அந்தப் பதிலைக் குழிமேட்டில் வைத்துப் படிப்பார்களா? பிரசவ அறைக்குப் போய் அலமாரியிலிருந்து சோதனைப் பட்டை ஒன்றை எடுத்து வந்தேன்.

"ஏ மாட்டுக்காரி, அது கர்ப்பிணிங்க மூத்திரத்துல முக்குறது" என்றார். ஃபுலானிகளை அப்படிக் கேலி செய்வது ஹௌஸாக்காரர்களின் உரிமை, நாங்களும் விட்டுவைப்பதில்லை. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு டீ விலைகூட இல்ல இந்தப் பட்டை. ரெண்டு நிமிஷம் வாய மூடிக்கிட்டு நில்லுங்க" என்றேன்.

முதுகு நீரைப் பட்டையில் மூன்று சொட்டு விட்டேன். சர்க்கரைக் கட்டம் நிறம் மாறவே இல்லை. இருந்த சர்க்கரையைக் கிருமி தின்று தீர்த்திருந்தது. புரதக் கட்டம் பச்சையானது. இரண்டாவது நிமிடம் வெள்ளணுக் கட்டம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. மூளைக்காய்ச்சலேதான். அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் இடுப்பிலிருந்து மருந்துப் பெட்டியின் சாவியை எடுத்தார். அந்த மனிதரையும் எவ்வளவு திட்ட முடியும்? முந்தாநாளும் அந்தப் பட்டை பத்தடி தூரத்தில் அதே அலமாரியில்தான் கிடந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஊசி மருந்து வேலை செய்தது. ஆறாம் நாள் தசல்லா எழுந்து உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்தாள். பின்னால் நின்று கை தட்டினேன். தட்டைக் கீழே போட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தை வீரிட்டு அழுதது. தசல்லா கூழைக் குடித்துக்கொண்டே இருந்தாள்.

டேலு வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அறையில் பல்கி இருந்தாள், வேறு ஆட்களும் இருந்தார்கள். அவள் யாரையும் பொருட்படுத்தாமல் உள்ளே வந்து, வாய்விட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு இன்னொரு தடவை, உரக்க. பிள்ளை திரும்பவில்லை.

"நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல, நர்ஸம்மா" என்றாள் என்னிடம். "அதான் என் கொரல் அவளுக்குத் தெரியலையோ?"

மூளைக்காய்ச்சலில் பிள்ளைக்குக் காது போய்விட்டது என்பதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.