பதினேழாம் காட்சிக்கு ஒரு தலைமையாசிரியை

பெற்ற பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்று ஊருக்கே புத்தி சொல்லும் படம் ஒன்றை அப்பாவும் அம்மாவும் எழுதிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படக் காலம் அது. அப்பா வசனம் சொல்லச் சொல்ல, அம்மா டைப்ரைட்டரில் தட்டுவாள். எட்டு மாதமாக இதே கூத்து. கெட்டுப்போகும் பெண்ணின் வசனத்தை மட்டும் அவர்களுடைய ஒரே மகள் வாலு வாசித்துக் காட்ட வேண்டும். பதினைந்து வயது வாய்க்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்பார்களாம். மற்றபடி அந்த வாய் சாப்பிட்டதா என்று கேட்க அந்த வீட்டில் நாதியில்லை.

அன்று சாயங்காலம் வாலு கையில் காகிதம் இல்லாமல் வந்து நின்றாள். தோழிகள் இரண்டு பேரோடு சேர்ந்து தலைமையாசிரியையின் காரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பி, பள்ளிக்கூட மதிலில் கொண்டுபோய் மோதியிருந்தாள்.

“காரை மோதிட்டேன்ப்பா. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள வீட்டுலேர்ந்து யாராவது எனக்காக வரணும். இல்லேன்னா பள்ளிக்கூடத்துலேர்ந்து பேரை அடிச்சிருவாங்க,” என்றாள். குரல் நடுங்கியது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுக்கம் பிரமாதம் என்றார். கார்தான் கொஞ்சம் அதிகப்படி, யாரும் நம்ப மாட்டார்கள், சைக்கிள் என்று மாற்றிவிடலாம் என்றார். அம்மா சைக்கிள் என்றே தட்டினாள். ஐயோ, இது நிஜம் என்று வாலு தலையில் அடித்துக்கொண்டாள். அதுவும் நன்றாயிருக்கிறதென்று அம்மா அதையும் தட்டிக்கொண்டாள். இப்படி இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு பெண் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

மறுநாள் ஒன்பது மணிக்கே தலைமையாசிரியை அறை வாசலில், பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒரு தோழியின் அப்பா, மளிகைக்கடைக்காரர், கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்து மகளைக் கண்டபடி திட்டினார். திட்டி முடித்ததும் அழுதார். இன்னொருத்தியின் அம்மா நர்ஸ். ஆஸ்பத்திரிச் சீருடையோடு வந்து, மகளின் காதைத் திருகிப் பிடித்தபடியே மன்னிப்புக் கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்த வாலுவுக்கு வயிறெரிந்தது. திட்டு வாங்கவும் கொடுப்பினை வேண்டும் போலிருக்கிறது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் படியேறி வந்தார்கள். அப்பாடா என்று அவளுக்கு உயிர் வந்தது. எழுந்து நின்றாள். “அட, நீயும் இங்கதான் இருக்கியா?” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். பதினேழாம் காட்சிக்காக, நிஜத் தலைமையாசிரியை எப்படிப் பேசுவார் என்று கேட்டுப்போக வந்தார்களாம்.

கதவு திறந்தே இருந்தது. அம்மா நோட்டைப் பிரித்தாள். தறுதலையாகிவிட்ட பெண்ணின் பெற்றோரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அப்பா கேட்டார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி இருவரையும் பார்த்தார்.

“உங்க பொண்ணு ஒன்பது மணியிலேர்ந்து வெளியில ஒக்காந்திருக்கா. அவளுக்காக இன்னும் யாரும் வரலைன்னு சொல்லுவேன்.”

பேஷ் என்றார் அப்பா. வேகமாக எழுதிக்கொண்டு வந்த அம்மாவின் பேனா நின்றது. மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தாள். நேற்றுச் சொன்னதெல்லாம் நிஜமாடி என்று கேட்டாள்.

தலைமையாசிரியை வாலுவை உள்ளே கூப்பிட்டார். மணி இன்னும் ஆகவில்லை, உனக்காக ஆள் வந்தாயிற்று என்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று இதமாகவே கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பேர் தப்பிவிடும். அது அவளுக்கும் தெரியும். சொல்லு, சொல்லு என்று அப்பா தலையாட்டினார்.

“இல்ல மேடம். இவங்க படத்துக்காக வந்தவங்க. எனக்காக யாரும் வரல. பேரை அடிச்சிருங்க,” என்றாள் வாலு.